ஏர் எடுப்பதற்கு முன்: மலையடிவாரப் பணிமனைகளின் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, சேலம், நாமக்கல், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களில் கார் பழுது பார்க்கும் தொழில்வல்லோர் அனைவருக்கும்,

மலையேறப் போகும் காரும் மலையிறங்கி வந்த காரும் முதலில் வந்து நிற்பது இவ்வூர்களின் பணிமனைகளில்தான் என்பதால், இம்மடல் பெருநகரத்து சர்வீஸ் நிலையங்களை விடுத்து மலையடிவாரத்தை நோக்கி எழுதப்படுகிறது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளும், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 வளைவுகளும், ஏற்காட்டுச் சாலையில் 20 வளைவுகளும் உள்ளன. இறங்கும்போது அவை ஒவ்வொன்றிலும் காரில் இருப்போரின் உயிர் பிரேக் பெடலின் உறுதியைச் சார்ந்தே இருக்கிறது. அந்தப் பெடல் கால் வைத்ததும் பாதியில் கெட்டியாக நிற்காமல் தரைவரை இறங்கிவிடுகிறது என்னும் குறையோடு வரும் காருக்குப் பல இடங்களில் செய்யப்படுவது ஒன்றுதான்: தொட்டியில் பிரேக் ஆயில் ஊற்றி, உதவியாளர் ஒருவரை உள்ளே அமர்த்தி மிதிக்கச் சொல்லி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்து, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, பெடல் மேலே வந்ததைப் பார்த்ததும் வண்டியை அனுப்பிவிடுவது. ஏர் எடுத்தல் பழுதைச் சரிசெய்யும் வழிகளுள் ஒன்றே தவிர, பழுது எது என்று கண்டறியும் வழி அன்று. காரணம் தெரியுமுன் அதைச் செய்தால் காரணம் மறைந்துபோகிறது. பெடலின் விசையைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பழையதாயின் அதுவும் சேர்ந்து கெடுகிறது. இவ்விரண்டையும் விளக்கி, காற்றை வெளியேற்றும் நிப்பிளில் ஸ்பேனரை வைப்பதற்கு முன் செய்யத்தக்க சோதனைகளை எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம்.

மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்ட விதி. அவ்விதியைக் கார்ச் சக்கரத்திற்குக் கொண்டுவந்த மால்கம் லாக்ஹீட் 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்குடன் வந்தது. இன்று ஒரு சிறு காரில் நிகழ்வதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அவ்விதியின் வலிமை விளங்கும். ஓட்டுநரின் கால் 30 கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது என்று கொண்டால், பெடலின் நெம்புகோல் அமைப்பு அதை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கி 150 கிலோவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தருகிறது. அச்சிலிண்டரின் உள்விட்டம் 20.6 மில்லிமீட்டர் எனில் அதன் பரப்பு 3.33 சதுர சென்டிமீட்டர். எனவே திரவத்தில் தோன்றும் அழுத்தம், கால்விசைக்குத் துணைசெய்யும் பூஸ்டரின் பங்கைச் சேர்க்காமலே, சதுர சென்டிமீட்டருக்கு 45 கிலோ. சக்கரத்தில் டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் 48 மில்லிமீட்டர் விட்டமுடையது எனில், அது பேடை 800 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. இவ்வளவு பெரிய விசை கிடைப்பதற்கு ஈடாக இழக்கப்படுவது தூரம்: பெடல் பல சென்டிமீட்டர் நகர, பேட் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகர்கிறது.

இக்கணக்கில்தான் பழுதைக் கண்டறியும் வழியும் அடங்கியுள்ளது. திரவம் சுருங்காது என்பதால், பெடல் கீழே போகும் தூரம் ஒவ்வொன்றும் மாஸ்டர் சிலிண்டரை விட்டு வெளியேறிய குறிப்பிட்ட அளவு திரவத்தைக் குறிக்கும். நலமான காரில் அது பேடையும் டிரம்முக்குள் உள்ள ஷூவையும் இருக்கவேண்டிய இடத்திற்குத் தள்ளியதும் போக்கிடமின்றி நின்றுவிடும். பெடல் கெட்டிப்படுவது அதனால்தான். பெடல் நிற்காமல் இறங்குகிறது என்றால் திரவம் வேறெங்கோ போயிருக்க வேண்டும். போகக்கூடிய இடங்கள் பெரும்பாலும் நான்கு: கசிந்து வெளியே போயிருக்கலாம், மாஸ்டர் சிலிண்டரின் தேய்ந்த ரப்பர் கப்பைக் கடந்து தன் தொட்டிக்கே திரும்பியிருக்கலாம், குழாய்க்குள் இருக்கும் காற்றையோ நீராவியையோ சுருக்குவதில் செலவாகியிருக்கலாம், தேய்ந்தோ விலகியோ இருக்கும் ஷூவையும் பேடையும் நெடுந்தூரம் தள்ளுவதில் தீர்ந்திருக்கலாம். இந்நான்கும் பெடலில் வெவ்வேறு விதமாகவே தென்படும். ஆகவே மெக்கானிக்கின் கால் அறியவேண்டியது, பெடல் இறங்குகிறதா என்பதைவிட எப்படி இறங்குகிறது என்பதையே.

மாஸ்டர் சிலிண்டரின் உள்ளமைப்பு பலருக்கும் தெரிந்ததே எனினும், அதன் ஒரு நுணுக்கம் இங்குச் சொல்லத்தக்கது. அதனுள் ஒன்றன்பின் ஒன்றாக இரு பிஸ்டன்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனிச் சுற்றுக்கு, அதாவது இரண்டு சக்கரங்களை இணைக்கும் தனிக் குழாய்த்தொடருக்கு, அழுத்தம் தருகிறது. முன்சக்கர இயக்கமுள்ள சிறு கார்களில் பெரும்பாலும் ஒரு முன்சக்கரமும் அதற்குக் குறுக்கே உள்ள பின்சக்கரமும் ஒரு சுற்றாக அமையும். ஒற்றைச் சுற்று இருந்த காலத்தில் எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பிரேக்கை இழந்தன. அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயமாக்கப்பட்டதற்கு அதுவே காரணம். இன்றைய காரில் ஒரு சுற்று முழுதும் திரவத்தை இழந்தாலும், அதற்குரிய பிஸ்டன் எதிர்முனையிலோ அடுத்த பிஸ்டனிலோ முட்டி நின்றதும் மற்றச் சுற்று வேலை செய்யத் தொடங்கும். பெடல் வெகுதூரம் இறங்கி, பின் தாழ்வாகவேனும் பிடிக்கும். ஆகவே பெடல் தாழப்போய் அடியில் பிடிக்கிறதா, அல்லது எங்கும் பிடிக்காமல் தரையைத் தொடுகிறதா என்பது முதல் கேள்வி. முன்னது ஒரு சுற்றில் பெருங்கசிவு இருப்பதைச் சுட்டும். பின்னது மாஸ்டர் சிலிண்டரையோ நிறைய காற்றையோ கொதித்த ஆயிலையோ ஐயுறச் செய்யும்.

சோதனையைத் தொடங்கும் முறை எளியது. எஞ்சினை நிறுத்திவிட்டு, பூஸ்டரில் தங்கியுள்ள வெற்றிடம் தீரும்வரை பெடலை நான்கைந்து முறை மிதித்துவிட வேண்டும். பூஸ்டர் என்பது எஞ்சினின் உறிஞ்சுவிசையைக் கொண்டு கால்விசைக்குத் துணைசெய்யும் வட்டப் பெட்டி. அது வேலை செய்யும்போது பெடல் சற்றுக் கீழே போவது இயல்பு என்பதால், எஞ்சின் ஓடும்போது முதலிலேயே சோதிப்பவர் நலமான காரைப் பழுதுடையது என்று கருதிவிடக்கூடும். வெற்றிடம் தீர்ந்தபின் பெடலை மிதித்து, விசையை மாற்றாமல் ஒரு நிமிட அளவு அப்படியே வைத்திருக்க வேண்டும். இதை இரண்டு வகையாகச் செய்வது நல்லது: ஒருமுறை முழு வலுவோடு, மறுமுறை சிக்னலில் நிற்கும் ஓட்டுநர் காலை வைத்திருப்பதுபோல் மென்மையாக. தேய்ந்த ரப்பர் கப்பின் விளிம்பு, அழுத்தம் மிகும்போது சிலிண்டர்ச் சுவரோடு இறுக ஒட்டிக்கொண்டு கசிவை நிறுத்திவிடுவதும், அழுத்தம் குறைவாக இருக்கும்போது திரவத்தைப் பின்னால் வழியவிடுவதும் உண்டு. பணிமனையில் பலமாக மிதித்துப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லப்பட்ட கார், அடுத்த நாள் போக்குவரத்து நெரிசலில் மெல்ல மெல்ல முன்னால் உள்ள வண்டியை நோக்கி நகர்வதன் காரணம் இதுவே. வண்டிக்காரர் பொய் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. அவர் உணர்ந்தது உண்மை, மென்மையாக மிதித்துப் பார்க்கும் சோதனைதான் விடுபட்டுப்போயிற்று.

இவ்வாறு வைத்த கால் வைத்தபடி இருக்கப் பெடல் மெதுவாக, தடையின்றி இறங்கிக்கொண்டே போனால் அழுத்தம் எங்கோ தப்பிக்கிறது என்று பொருள். காற்று இருப்பதால் மட்டும் இது நிகழாது, ஏனெனில் காற்று சுருங்கவேண்டிய அளவு சுருங்கியபின் பெடல் நின்றுவிடும். அடுத்துப் பார்க்கவேண்டியது தொட்டியின் மட்டம். மட்டம் குறைந்துகொண்டே வந்தால் வெளிக்கசிவு. மட்டம் மாறாமல் பெடல் மட்டும் இறங்கினால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் உட்கசிவு. வெளிக்கசிவைத் தேடுவோர் சக்கரத்தின் உட்பக்கத்தையும் ரப்பர் ஹோஸ்களையும் உலோகக் குழாய்களையும் பார்த்துவிட்டு, ஒன்றும் ஈரமாக இல்லை என்று நிறுத்திவிடுகின்றனர். கண்ணுக்குத் தப்பும் இடங்கள் இரண்டு. பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரின் இருமுனைகளிலும் உள்ள ரப்பர் உறையைச் சற்று விலக்கிப் பார்த்தால், வெளியே ஒரு சொட்டும் வராத நிலையிலும் உள்ளே திரவம் தேங்கி நிற்பதைக் காணலாம். மற்றொன்று மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் மூட்டு: பின்முனை ரப்பர் கசியும்போது திரவம் தரையில் சொட்டாமல் பூஸ்டருக்குள்ளேயே வடிந்துவிடுகிறது. மூட்டுக்குக் கீழே பூஸ்டரின் கறுப்புப் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தால் அதுவே சாட்சி. இரண்டு நட்டுகளைக் கழற்றி, குழாய்களை வளைக்காமல் சிலிண்டரைச் சற்று முன்னுக்கு இழுத்து, பின்முனையை விரலால் தொட்டுப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். பூஸ்டருக்குள் சேர்ந்த திரவம் எஞ்சினுக்கு உறிஞ்சப்பட்டால் புகைக்குழாயில் வெண்புகை தோன்றுவதும் உண்டு. அதைக் கண்டு ஹெட் கேஸ்கெட்டைக் கழற்றுவது வீண்செலவு.

பெடல் முதல் மிதியில் தாழ்ந்து, உடனே மறுபடி மிதித்தால் மேலே வந்து கெட்டியாக நிற்குமானால், அக்குறை வேறு வகையது. மிதித்து மிதித்து ஏற்றிய பெடல் உறுதியாக நிற்கிறது, பஞ்சுபோல் அமுங்கவில்லை என்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையில் இடைவெளி மிகுந்துள்ளது என்று கருதலாம். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுபோவதும், ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்பதற்காக ஷூவைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டுவதும் இதற்குக் காரணங்கள். கேபிள் இழுத்தபடி இருந்தால் நெம்புகோல் தன் இருக்கைக்குத் திரும்பாமல் அட்ஜஸ்டர் வேலை செய்வதே நின்றுவிடும். டிஸ்க் கோணலாகச் சுழல்வதாலோ சக்கர பேரிங் ஆடுவதாலோ பேட் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கரடுமுரடான சாலையைக் கடந்தபின் முதல் மிதி மட்டும் தாழ்வதும் உண்டு. இத்தகைய காரில் எவ்வளவு ஏர் எடுத்தாலும் பயன் இராது.

மிதித்தால் மேலே வருகிறது, ஆனால் பஞ்சுபோல் அமுங்குகிறது என்பதே காற்று உள்ளே இருப்பதன் உண்மையான அடையாளம். சிறிதளவு காற்று இவ்வளவு பெரிய விளைவைத் தருமா என்று ஐயுறுவோருக்கு முன்சொன்ன கணக்கே விடை. குழாயில் 5 மில்லிலிட்டர் காற்று, அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். 45 கிலோ அழுத்தத்தில் அது ஏறத்தாழ 0.1 மில்லிலிட்டராகச் சுருங்கும்; எஞ்சிய 4.9 மில்லிலிட்டர் இடத்தை நிரப்ப மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஒன்றரை சென்டிமீட்டர் நகர வேண்டும். பெடல் அதைப்போல் ஐந்து மடங்கு, 7 சென்டிமீட்டருக்கு மேல், வீணாக இறங்க வேண்டும். ஒரு தேக்கரண்டிக் காற்றுக்கே நிலை இது. காற்று எவ்வழியே புகுந்தது என்பதையும் கேட்காமல் விடக் கூடாது: தொட்டி வற்றியதா, ஒரு பாகம் கழற்றி மாட்டப்பட்டதா, வீல் சிலிண்டரின் ரப்பர் பெடலை விடும்போது காற்றை உள்ளிழுக்கிறதா? ஒருமுறை முறையாக எடுத்த காற்று சில வாரங்களில் மீண்டும் சேர்ந்தால், அது சேரும் வாயில் திறந்தே இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

காலிப்பர் மாற்றிய காரில் ஏர் எடுத்து முடியவே இல்லை என்றால், இடப்பக்கத்துக் காலிப்பரை வலப்பக்கத்தில் மாட்டிவிடவில்லையே என்று பார்க்க வேண்டும். சில கார்களில் இரண்டும் ஒன்றுபோலவே பொருந்திவிடும். ஆனால் மாற்றி மாட்டினால் காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேலே இருக்க வேண்டியது கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலேயே தங்குவதால், கீழே உள்ள நிப்பிளைத் திறந்து லிட்டர் கணக்கில் ஆயிலைச் செலவிட்டாலும் திரவம்தான் வெளியேறுமே தவிரக் காற்று அசையாது.

இனி, இம்மடல் எழுதப்பட்டதற்கு முதன்மைக் காரணமான செய்தி. பழைய காரில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆண்டுக்கணக்கில் சிலிண்டரின் முன்பாதித் தூரத்தில் மட்டுமே போய்வந்திருக்கும். கப் ஓடிய பகுதி மெருகேறி இருக்க, அதற்கு அப்பாலுள்ள பகுதியில் ஆயிலில் கலந்த ஈரத்தால் அரிப்பும் சொரசொரப்பும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது உதவியாளர் பெடலைத் தரையோடு தரையாக மிதிக்கிறார். அப்போது கப்பின் மெல்லிய விளிம்பு முதன்முறையாக அந்தச் சொரசொரப்பின் மேல் இழுபட்டுக் கீறலுறுகிறது. வரும்போது சற்றே மென்மையாக இருந்த பெடல், ஏர் எடுத்து முடிந்தபின் தரையைத் தொடத் தொடங்குவதற்கும், மீண்டும் மீண்டும் ஏர் எடுக்க எடுக்க நிலைமை மோசமாவதற்கும் இதுவே விளக்கம். இது தடுக்கக்கூடியது. பெடலுக்குக் கீழே தகுந்த உயரமுள்ள மரக்கட்டை ஒன்றை வைத்து அது இயல்பான தூரத்தைத் தாண்டிப் போகாமல் செய்யலாம். அல்லது அழுத்தக் கருவியாலோ உறிஞ்சும் கருவியாலோ, பெடலைத் தொடாமலே, ஏர் எடுக்கலாம். ஒரு மரக்கட்டைக்குச் செலவு ஏதுமில்லை. அது இல்லாமல் பத்தாண்டு ஓடிய காரில் ஏர் எடுப்பது, வந்த பழுதோடு புதிய பழுது ஒன்றையும் சேர்த்துத் திருப்பித் தருவதாகும்.

மலைச்சாலைக்கே உரிய மற்றொரு காரணம் ஆயில் கொதித்தல். உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்கு அருகிலும் உள்ளன. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த 1,900 மீட்டரை இறங்கும்போது விடுபடும் ஆற்றல் 22 மெகாஜூலுக்கும் அதிகம். 30 டிகிரியில் உள்ள 75 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் எஞ்சினின் தடையும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். ஆனால் உயர்ந்த கியரில், அல்லது எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில், இறங்குபவரின் காரில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் டிரம்மிலும் வெப்பமாகச் சேர்ந்து, பேட் வழியாகக் காலிப்பரில் உள்ள ஆயிலுக்குச் செல்கிறது.

கிளைக்கால் ஈதர் வகையைச் சார்ந்த பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. புதிதாக இருக்கும்போது டாட் 3 வகை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும் டாட் 4 வகை 230 டிகிரி வரையும் கொதிக்கக் கூடாது என்பது தர விதி, ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அவ்வெல்லைகள் முறையே 140, 155 டிகிரிகளுக்கு இறங்கிவிடுகின்றன. புதிய டாட் 3 ஆயிலைவிட ஈரமேறிய டாட் 4 ஆயில் எவ்வளவோ தாழ்ந்தது என்பதால், டின்னின் மேல் உள்ள எண்ணைவிட உள்ளே இருக்கும் ஆயிலின் வயதே முதன்மை பெறுகிறது. கொதித்தபோது தோன்றும் நீராவிக் குமிழ்கள் காற்றைப் போலவே சுருங்கிப் பெடலைத் தரைக்கு விடுகின்றன. வண்டி ஓரமாக நிறுத்தப்பட்டு ஆறியதும் குமிழ்கள் மறைந்து பெடல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடிவாரத்துப் பணிமனைக்கு அந்தக் கார் வரும்போது பழுதின் சுவடே இராது. இப்போது நன்றாகத்தானே பிடிக்கிறது என்று சொல்லி அனுப்பத் தோன்றும் இடம் அது. ஆயில் முழுவதையும் அன்றே மாற்றி, பேட், டிஸ்க், ஹோஸ் ஆகியவற்றின் வெப்பச் சேதத்தைப் பார்த்து அனுப்ப வேண்டிய இடமும் அதுவே. பல உற்பத்தியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். மலையில் நாள்தோறும் ஓடும் டாக்ஸிக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வதே சரி.

தொட்டியில் தவறான எண்ணெய் ஊற்றப்பட்டிருப்பதும் அரிதன்று. பவர் ஸ்டீயரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ சிறிது கலந்தாலும், கிளைக்காலுக்கென்று செய்யப்பட்ட ரப்பர்கள் ஊறிப் பெருத்து மென்மையாகிவிடும். தொட்டி மூடியின் உள்ளே உள்ள ரப்பர் உதரவிதானம் அலைபோல் நெளிந்து, மூடி திரும்பப் பொருந்தாமல் பெருத்திருந்தால் இதை உறுதி செய்யலாம். அந்நிலையில் ஆயிலை மட்டும் மாற்றுவது போதாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ் என ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்றி, உலோகக் குழாய்களைக் கழுவியே ஆக வேண்டும். செலவைச் சொல்லத் தயங்கி ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவோர், மூன்று மாதத்தில் அடுத்த பாகத்திற்காக அதே காரைப் பார்க்க நேரும்.

ஐயம் மாஸ்டர் சிலிண்டரின் மேல் விழுந்தபின்னும் அதை ஊகத்தால் மாற்ற வேண்டியதில்லை. அதன் குழாய்களைக் கழற்றிவிட்டு, அதே மரையும் அதே முனை வடிவமும் கொண்ட அடைப்பான்களால் துளைகளை மூடி, அவ்விடத்துக் காற்றை அடைப்பானைச் சற்றுத் தளர்த்தி வெளியேற்றியபின் பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். திரவத்திற்குப் போக வேறு இடமே இல்லாத இந்நிலையில் பெடல் மேலேயே பாறைபோல் நின்றால் சிலிண்டர் நலமாக உள்ளது. இறங்கினால் பழுது அதனுள்தான். சிலிண்டர் தேறியபின் குழாய்களை மாட்டி, மழுங்கிய வாயுடைய ஹோஸ் கவ்வியால் நான்கு ரப்பர் ஹோஸ்களையும் மூடி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் எச்சக்கரத்தின் ஹோஸைத் திறக்கும்போது பெடல் தாழ்கிறது என்பது தெரிந்துவிடும். பல்லுள்ள பிளையரால் ஹோஸைக் கடிப்பது உட்சுவரைக் கிழிக்கும். ஏபிஎஸ் உள்ள காரில், சிலிண்டரும் நலம், நான்கு ஹோஸ்களை மூடியபின்னும் பெடல் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால், ஏபிஎஸ் அலகின் உள்வால்வு ஒன்று தூசால் மூடாமல் நிற்பதாகக் கொள்ளலாம். அவ்வலகினுள் சிக்கிய காற்றைச் சில கார்களில் ஸ்கேனர் கொண்டு வால்வை இயக்கியே வெளியேற்ற முடியும்.

மாற்றும் பணியில் சொல்ல வேண்டியவை சிலவே. கப் கிட் மட்டும் போட்டு ஒப்பேற்றும் வழக்கம் இரும்புச் சிலிண்டர்க் காலத்தில் பொருந்தியது; இன்றைய அலுமினியச் சிலிண்டரின் உட்சுவரில் உள்ள கடினப் பூச்சைத் தேய்த்துவிட்டுப் புதிய கப்பைப் போட்டால் அது விரைவில் தேயும். சென்னைப் பாடியில் 1962இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் முழுத்தொகுப்பாகவே செய்து விற்கும்போது, பழைய சிலிண்டருக்கு உயிரூட்ட முனைவதில் மிச்சமாகும் தொகை அதன் இடருக்கு ஈடாகாது. புதிய சிலிண்டரைக் காரில் மாட்டுவதற்கு முன் மேசைக் கவ்வியில் வைத்து, துளைகளிலிருந்து தொட்டிக்கே திரும்பும் சிறு குழாய்களை இணைத்து, குமிழி வருவது நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளிக் காற்றெடுத்துக்கொண்டால் பிற்பாடு வேலை பாதியாகும். சக்கரங்களில் ஏர் எடுக்கும் வரிசை காருக்குக் கார் மாறும். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள கார்களில் இடப் பின்சக்கரத்தில் தொடங்குவது பொதுவழக்கு எனினும், குறுக்குச் சுற்றும் ஏபிஎஸ்ஸும் உள்ளவற்றில் தயாரிப்பாளரின் கையேடு சொல்வதே முடிவு. நிப்பிளில் பிடித்த ஆயிலைத் திரும்பத் தொட்டியில் ஊற்றக் கூடாது. முடிவில், எஞ்சினை ஓடவிட்டு, மென்மையாகவும் வலுவாகவும் மிதித்து வைத்திருந்து, பெடல் ஒரு நிமிடம் அசையாததைப் பார்த்தபின்னரே சமதளத்தில் மெல்ல ஓட்டிச் சோதிக்க வேண்டும்.

ஓட்டுநருக்கும் இரண்டு சொல் சொல்லியனுப்புவது பணிமனையின் கடமையுள் அடங்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெடல் எதிர்பாராமல் தாழ்ந்தால் விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை மிதிக்க வேண்டும். கியரைப் படிப்படியாகக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கக் கூடாது, ஏனெனில் எஞ்சினோடு பூஸ்டரின் துணையும் போகும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளக்கூடும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி வாடகைக்கு ஓடும் வாகனங்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். ஆனால் சொந்தக் கார் ஒன்று பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுவரை அதன் பிரேக்கைச் சட்டப்படி சோதிக்க வேண்டியவர் எவரும் இலர். அவ்வளவு நீண்ட காலத்தில் அந்தக் காருக்கும் மலைச்சாலைக்கும் இடையில் நிற்பவர் அடிவாரத்து மெக்கானிக் ஒருவரே. இப்பொறுப்பு எவராலும் எழுதித் தரப்படாதது என்பதால் சிறியது ஆகிவிடாது.

ஆகவே இவ்வூர்களின் பணிமனைகளுக்கு இம்மடல் முன்வைக்கும் வேண்டுகோள் இரண்டு. பெடல் தரையைத் தொடும் குறையோடு வந்த காரை, திரவம் எங்கே போனது என்று கண்டறியாமல், வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் மலைக்கு அனுப்ப வேண்டாம். கண்டறிந்த காரணத்தை, மாற்றிய பாகத்தின் பெயரோடும் ஊற்றிய ஆயிலின் வகையோடும் தேதியோடும், பில்லில் ஒரு வரியாக எழுதித் தருக. அடுத்து அந்தக் காரைத் திறக்கும் மெக்கானிக்குக்கு அது வழிகாட்டும்.